வீட்டு பிளக் பாயின்ட்: பழுது பார்ப்பதும் புதிதாகப் போடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளக் பாயின்ட் கருகிவிட்டது, ஆடுகிறது, ஷாக் அடிக்கிறது, புதிதாக ஒன்று வேண்டும் என்று வீடுகளில் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டில் சாதாரணமாக இருக்கும் 230 வோல்ட் வீட்டு இணைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சாக்கெட் என்பது சுவருக்கு வெளியே தெரியும் முகம் மட்டும்தான். அதற்குப் பின்னால் வரும் ஒயர், அந்த ஒயரைக் காக்கும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அறுக்கும் சுவிட்ச்), கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஆகிய மூன்றும்தான் அந்த பாயின்ட் பத்திரமா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. எந்தக் கேள்வியை எடுத்தாலும் பதில் அங்கேதான் போய் நிற்கும்.

பிளக் பாயின்டை நானே மாற்றலாமா, எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டுமா?

சட்டம் இதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு ஒயரிங்கில் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாமே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம்தான் நடக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், அதுபோன்ற பொருத்துகளை அதே திறனில், அதே தன்மையில் மாற்றி வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. உடைந்த 6 ஆம்ப் சாக்கெட்டை எடுத்துவிட்டு இன்னொரு 6 ஆம்ப் சாக்கெட் வைப்பது இந்த விலக்குக்குள் வரும். அதை 16 ஆம்ப் ஆக்குவதும், புது இடத்துக்கு லைன் இழுப்பதும், எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸில் கை வைப்பதும் வராது.

சட்டம் இருக்கட்டும், நடைமுறைக்கு வருவோம். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துப் பழக்கம் இருந்து, கீழே சொல்லியிருக்கும் சோதனைகளைப் பொறுமையாகச் செய்ய முடிந்தால், உள்ளதை உள்ளபடி மாற்றலாம். போர்டைத் திறந்ததும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று புரியவில்லையா? அப்படியே மூடிவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பிளக் சூடாகிறது, சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பாகிவிட்டது. லோடு அதிகமா?

பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன்தான். உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை விரிந்து பிளக் முள்ளைச் சரியாகக் கவ்வாமல் விட்டிருக்கும். அல்லது பின்பக்கம் ஒயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்.

இது ஏன் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 3000 வாட் கீசர் ஓடும்போது 13 ஆம்ப் கரண்ட் போகிறது. தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை உருவானாலே போதும். கரண்டை கரண்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 34 வாட் வருகிறது. ரேடியோ கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, ஒரு கடலைப்பருப்பு அளவு இடத்தில், தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் பித்தளை இளகி இன்னும் விரியும், தடை இன்னும் ஏறும், சூடும் கூடும்.

இதில் மோசமான விஷயம், எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. கீசர் எடுப்பது அதே 13 ஆம்ப்தான். அளவு மீறவில்லை, அதனால் எம்சிபி விழாது. மீன் வாடை போல ஒரு நாற்றம், பழுப்பு நிறம், சுவிட்ச் போட்டதும் கேட்கும் 'சர்ர்' சத்தம், இவை மட்டும்தான் முன்னறிவிப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த பாயின்டை அன்றே நிறுத்திவிடுங்கள்.

சாக்கெட்டை மாற்றும்போது பிளக் டாப்பையும் பாருங்கள். முள் கருத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கருகிய முள்ளைப் புது சாக்கெட்டில் செருகினால் சில மாதங்களில் புதியதும் கருகிவிடும். பின்னால் இருக்கும் ஒயரின் நுனி கருகி இன்சுலேஷன் மொறுமொறுவென்று இருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் புதிதாகச் சீவ வேண்டும். வெட்டியபின் நீளம் போதவில்லை என்றால், டேப் சுற்றி ஒட்டுப் போட்டு பாக்ஸுக்குள் திணிப்பது தீர்வாகாது. அந்த ஒயரையே மாற்றி இழுக்க வேண்டும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டேன். இனி தொடலாமா?

இன்னும் கூடாது. நம் வீடுகளில் மெயினை இறக்கிய பிறகும் போர்டில் கரண்ட் இருக்க மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது இன்வெர்ட்டர். மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று எடுத்துக்கொண்டு உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்கும். இருக்கும் எட்டு சுவிட்சில் நான்கு இன்வெர்ட்டர் லைனிலும் நான்கு நேர் லைனிலும் இருக்கும் போர்டுகள் ஏராளம். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால் போதாது, சில இன்வெர்ட்டர்களில் அதன் பிறகும் நேர் கரண்ட் உள்ளே புகுந்து வெளியே வரும். முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், பிறகு அதன் பிளக்கையும் உருவுங்கள், அதற்குப் பிறகு மெயினை இறக்குங்கள்.

இரண்டாவது, மூன்று பேஸ் இணைப்பு. ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் வைத்த வீடுகளில், ஒரே போர்டுக்குள் இரண்டு பேஸ் ஒயர்கள் (கரண்டைக் கொண்டுவரும் ஒயர்கள்) வந்து சேர்ந்திருக்கலாம். ஒரு எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டுக் கை வைத்தால் மற்றது உயிரோடு இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். இந்த வீடுகளில் எப்போதும் எல்லா பேஸையும் சேர்த்து அறுக்கும் மெயின் சுவிட்சையே இறக்க வேண்டும்.

மூன்றாவது, மனிதர்கள். மாடியில் இருக்கும் ஒருவர் "யார்ரா மெயினை இறக்கியது" என்று வந்து ஏற்றிவிடுவார். டிபி பாக்ஸை மூடி, அதன்மேல் ஒரு தாளை ஒட்டி 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று எழுதுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டர், உங்கள் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறிய கரண்டில் எரிகிறது. நீங்கள் ரப்பர் செருப்போடு காய்ந்த ஸ்டூல் மேல் நின்றால் மங்கலாக எரியும், வெயில் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. உள்ளே நியான் பழுதாகியிருந்தாலும் எரியாது. மறுபக்கம், கரண்ட் இல்லாத ஒயர்கூட பக்கத்து ஒயரின் தூண்டலால் லேசாக எரிய வைக்கும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்திருப்பதையும் அது தனியாகக் காட்டித்தராது.

அதனால் டெஸ்டரை மூன்று முறை பயன்படுத்துங்கள். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பாயின்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் பாயின்டின் எல்லாத் துளையிலும், போர்டைக் கழற்றியதும் எல்லா ஸ்க்ரூவிலும் வைத்துப் பாருங்கள். கடைசியாக மறுபடி அந்த உறுதியான இடத்துக்கே போய், டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வீடு முழுக்க மெயின் இறங்கியிருந்தால், கடைசிச் சோதனைக்குப் பக்கத்து வீட்டு பாயின்ட் தேவைப்படலாம், பரவாயில்லை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று ஜோடியையும் அளந்துவிடலாம்.

சாக்கெட்டில் எந்த ஒயர் எந்தப் பக்கம்?

நேரே நின்று பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், உங்கள் வலது கைப் பக்கம் பேஸ், இடது கைப் பக்கம் நியூட்ரல். போர்டைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பும்போது வலமும் இடமும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். குழப்பம் இங்கேதான் வருகிறது. சாக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் எல் (பேஸ்), என் (நியூட்ரல்), எர்த் குறிகளைப் பார்த்தே இணையுங்கள்.

நிறத்தில், சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீடுகளில் இந்த நிறங்களை நம்பவே முடியாது. கையில் இருந்த சுருளை எடுத்து இழுத்திருப்பார்கள், பச்சை ஒயரில் பேஸ் வந்த போர்டுகளும் உண்டு. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

இணைக்கும் விதம் இதுதான். ஒயரின் நுனியில் 10 மி.மீ அளவுக்கு இன்சுலேஷனைச் சீவுங்கள். பல்லால் கடித்து இழுத்தால் பாதி இழை அறுந்துவிடும், ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். இழைகளை இறுக்கி முறுக்கி, ஒல்லியான ஒயராக இருந்தால் நுனியை ஒரு முறை மடித்து, துளைக்குள் விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஸ்க்ரூ செம்பை அழுத்த வேண்டும், பிளாஸ்டிக்கை அழுத்தக் கூடாது. வெளியே ஒரு இழைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முடிந்ததும் ஒயரை நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் நல்லதாயிற்று, மறுபடி போடுங்கள்.

ஒரே ஸ்க்ரூவில் இரண்டு மூன்று ஒயர்கள் சேர்ந்து வந்தால், அது அடுத்த பாயின்டுக்குப் போகும் லூப். அதை விட்டுவிட்டால் அடுத்த அறையில் நியூட்ரல் போய்விடும். பாக்ஸ் இரும்பாக இருந்தால் அதற்கும் ஒரு எர்த் ஒயர் கொடுக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் டெஸ்டர் எரிகிறது. ஏன்?

சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது, அல்லது போர்டுக்கு வரும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. மிக்ஸி ஓடும், நிற்கும், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அணைத்த பிறகும் மிக்ஸிக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். இன்றே சரிசெய்ய வேண்டிய தவறு இது. இரண்டு ஒயரை மாற்றிப் போடும் வேலைதான்.

5 ஆம்ப் பாயின்டை எடுத்துவிட்டு, இரண்டு பிளக்கும் ஏறும் 15 ஆம்ப் சாக்கெட் வைக்கலாமா? ஹீட்டர் போட வேண்டும்.

கடையில் இதைக் கேட்டால் கேள்வி இல்லாமல் கொடுத்துவிடுவார்கள். இப்போதைய அளவில் அவை 6 ஆம்ப், 16 ஆம்ப். இரண்டுக்கும் பொதுவான சாக்கெட், அதே அளவு பிளேட்டில் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிட வேலை, ஹீட்டரும் ஓடும். வீட்டு ஒயரிங்கில் நான் மிகவும் பயப்படும் மாற்றம் இதுதான்.

பழைய 5 ஆம்ப் பாயின்டுக்கு வந்திருப்பது பெரும்பாலும் 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ தடிமன்) ஒயர், மிஞ்சிப் போனால் 1.5 ஸ்கொயர். அந்த ஒயரேதான் அந்த அறையின் லைட், ஃபேன், டிவி எல்லாவற்றையும் தாங்குகிறது. சுவருக்குள் பைப்பில் போகும் 1 ஸ்கொயர் செம்பு ஒயர் தாங்குவது சுமார் 10, 11 ஆம்ப். 3000 வாட் ஹீட்டர் மட்டுமே 13 ஆம்ப் கேட்கும். சரியான எம்சிபி இருந்தால் விழும். விழுகிறது என்று யாராவது அதைக் கழற்றி 20 ஆம்ப் எம்சிபி வைப்பார்கள். பழைய ஃபியூஸ் கட்டையாக இருந்தால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதன் பிறகு எதுவும் விழாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் ஃபியூஸ்.

எம்சிபி இருப்பது ஒயரைக் காப்பாற்ற. சாதனத்துக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து எம்சிபி வைப்பது தலைகீழ் வேலை. ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். 16 ஆம்ப் பாயின்ட் வேண்டும் என்றால் டிபியிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் லைன், ஏசிக்கு 4 ஸ்கொயர், அதற்கென்று தனி எம்சிபி. ஒரு பவர் லைனில் இரண்டு 16 ஆம்ப் பாயின்டுக்கு மேல் தொங்கவிட வேண்டாம்.

எந்தச் சாதனத்துக்கு எந்த பாயின்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்ப். 6 ஆம்ப் பாயின்டின் எல்லை 1380 வாட், 16 ஆம்ப் பாயின்டின் எல்லை 3680 வாட். 750 வாட் மிக்ஸி, 1000 வாட் அயர்ன் பாக்ஸ் எல்லாம் 6 ஆம்பில் ஓடலாம். 2000 வாட் இண்டக்‌ஷன் ஸ்டவ், வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின், கீசர், ஏசி எல்லாம் 16 ஆம்பில்தான் ஓட வேண்டும். தடித்த முள் பிளக்கோடு வந்த சாதனத்தின் பிளக்கை வெட்டிவிட்டுச் சின்ன பிளக் போடுவதும், பெரியதைச் சின்னதாக்கும் கன்வெர்ட்டர் வைத்துச் செருகுவதும் மேலே சொன்ன அதே ஆபத்துக்கு இன்னொரு வழி.

பழைய வீடு. போர்டில் மூன்று துளை சாக்கெட் இருக்கிறது, ஆனால் எர்த் ஒயரே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் என்ன செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். சாக்கெட்டின் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், அந்தக் கணமே ஃப்ரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும். அதேபோல் தண்ணீர் பைப்பில் எர்த் கொடுப்பதும் கூடாது. இன்று பாதி பைப் பிவிசி, எர்த் எங்கும் போகாது. இரும்பு பைப்பாக இருந்தால் குளிப்பவருக்குப் போகும்.

சரியான வழி, வீட்டுக்கு வெளியே எர்த் குழி போட்டு, அங்கிருந்து டிபிக்கும், டிபியிலிருந்து ஒவ்வொரு பாயின்டுக்கும் பச்சை ஒயர் இழுப்பது. ஒரே நாளில் வீடு முழுவதும் செய்ய முடியாவிட்டால், முதலில் சமையலறை, கீசர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மோட்டார் பாயின்டுகளுக்குச் செய்யுங்கள். அதோடு, கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். எர்த் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

குழி இருக்கிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். இது முதல் சோதனை மட்டும்தான். மெல்லிய, துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் 230 காட்டிவிடும் என்பதால், குழியின் தடையை அளக்கும் கருவி உள்ளவரைக் கொண்டு ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. கோடையில் மண் காய்ந்ததும் தடை ஏறும். அந்த மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்றுவது வீண் வேலையில்லை.

கிரைண்டரைத் தொட்டால் லேசாக 'ஜிவ்' என்கிறது. செருப்புப் போட்டால் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மாவு அரைக்கும்போது கை ஈரம், தரை ஈரம், கல்லைச் சுற்றித் தண்ணீர். ஈரக் கையில் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அது 200 மில்லி ஆம்புக்கு மேல். 10 மில்லி ஆம்பிலேயே விரல்கள் மடங்கி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்ப் உடம்பில் நீடித்தால் இதயத் துடிப்பு குலையும் அபாயம் உண்டு. இன்று 'ஜிவ்' என்று இருப்பது, உள்ளே இன்சுலேஷன் இன்னும் கொஞ்சம் விட்டதும் முழு ஷாக் ஆகிவிடும்.

அந்த 'ஜிவ்' இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சாதனத்தில் கரண்ட் கசிகிறது, அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் வேலை செய்யவில்லை. கிரைண்டரை மெக்கானிக்கிடம் காட்டுவது பாதி வேலை, பாயின்டின் எர்த்தைப் பார்ப்பது மீதிப் பாதி. இரண்டும் முடியும் வரை அதை ஓட்ட வேண்டாம். செருப்பை நம்பி ஓட்டினால், நாளைக்குக் குழந்தை வெறுங்காலோடு வந்து தொடும்.

எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு?

எம்சிபி பார்ப்பது அளவுக்கு மீறிய லோடையும் ஷார்ட்டையும். மனிதன் வழியாகப் போகும் 50 மில்லி ஆம்ப் அதன் கண்ணுக்கே தெரியாது, 16 ஆம்ப் எம்சிபிக்கு அது தூசு. ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்ப் ஆவதற்குள் அறுத்துவிடும். எர்த் நன்றாக இருக்கும் வீட்டில், சாதனம் பழுதான அந்தக் கணமே அது விழும். எர்த் இல்லாத வீட்டில் யாராவது தொடும்போதுதான் விழும், அதாவது ஒரு அடி வாங்கிய பிறகு. அதனால் இரண்டும் வேண்டும்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பா என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 மில்லி ஆம்ப் என்றும் கிடைக்கும். அவை தீயைத் தடுப்பதற்கானவை, உயிரைக் காக்கும் அளவு அவை இல்லை. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் ஆர்சிசிபிக்கும் தெரியாது, அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இது சரியா?

தவறு. அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் காயிலும் பழைய ஃப்ரிட்ஜும் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. எதுவும் செருகாமலே விழுந்தால் ஒயரிங்கில் கோளாறு: சுவர் ஈரம், அல்லது ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இன்வெர்ட்டர் போட வந்தவர் இந்த நியூட்ரல் குழப்பத்தைச் செய்துவிட்டுப் போவது வழக்கமாக நடக்கிறது. தேடினால் கிடைக்கும். தேடுபவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரின் இரண்டு முள் பிளக் ஏறவில்லை. மேல் துளையில் ஒரு குச்சியை விட்டால் ஏறுகிறது. இதில் என்ன தப்பு?

கீழிரண்டு துளையை மூடியிருக்கும் தகடு, குழந்தை கம்பியோ ஹேர்பின்னோ விடாமல் இருப்பதற்கான ஷட்டர். நீளமான எர்த் முள் முதலில் நுழையும்போது மட்டும் அது திறக்க வேண்டும். குச்சியால் திறந்து பழகினால் ஷட்டர் உடைந்து எப்போதும் திறந்தே நிற்கும். அந்தக் குச்சி ஒருநாள் ஸ்க்ரூடிரைவராகவும் மாறும். இதை வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொன்று, நம் 6 ஆம்ப் சாக்கெட் 5 மி.மீ தடிமன் முள்ளுக்கானது. வெளிநாட்டு அளவு சார்ஜர் முள் அதைவிட மெல்லியது, உள்ளே ஆடும், பொறி பறக்கும். அந்த முள்ளுக்கென்றே இரண்டு துளையும் சேர்த்து வரும் ஐந்து துளை சாக்கெட்டை வாங்கி மாட்டிவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.

மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்?

டிவி, மோடம், போன் சார்ஜர் போன்ற சின்ன லோடுக்குச் சரி. ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன், ஹீட்டர், ஏசி எதையும் அதில் போட வேண்டாம். ஒன்றில் இன்னொன்றைச் செருகித் தொடர் போட வேண்டாம். எல்லா நாட்டு பிளக்கும் ஏறும் மலிவு அடாப்டர்கள் எந்த முள்ளையும் சரியாகக் கவ்வாது, பலவற்றில் எர்த் துளைக்குள் ஒன்றுமே இருக்காது. ஒரு அறையில் எக்ஸ்டென்ஷன் நிரந்தரமாகக் கிடந்தால், அந்த அறைக்கு பாயின்ட் போதவில்லை என்று பொருள்.

பாத்ரூமிலும் சமையலறையிலும் எங்கே வைப்பது?

கீசருக்கு சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல் வகையில். உள்ளே பாயின்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஷவர் தெறிக்காத உயரத்தில், மூடியுள்ள பாக்ஸில், ஆர்சிசிபி காவலில். சமையலறையில் சிங்க்குக்கு மேலும், அடுப்புக்கு நேர் பின்னாலும் வேண்டாம். ஒயர் அடுப்பைத் தாண்டிப் போகாத இடமாகப் பாருங்கள்.

வாளியில் விடும் ஹீட்டர் ராடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பது. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு வாளி, அலுமினிய அண்டா இரண்டும் வேண்டாம். முடிந்தால் அந்த ராடே வேண்டாம்.

ஐப்பசி மழையில் சுவர் ஊறி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

அந்த போர்டுக்கான எம்சிபியை டிபியில் இறக்கிவிடுங்கள், போர்டில் கை வைக்க வேண்டாம். மொட்டை மாடியில் தேங்கும் நீர் பைப் வழியாக நேராக சுவிட்ச் பாக்ஸுக்கு வந்து சேரும். துணியால் துடைத்தால் அன்றைக்குக் காயும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். ஒழுகும் இடத்தை அடைத்து, சுவர் காய்ந்து, இன்சுலேஷன் அளந்த பிறகே மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எறும்பும் பல்லியும் போர்டுக்குள் குடியேறும். பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது. காலியாக விட்ட சுவிட்ச் இடங்களை பிளாங்க் (வெற்று மூடி) போட்டு மூடிவிடுங்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது என்றால், தண்ணீர் ஏறும் முன்பே மெயினை இறக்குங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். அந்த நிலையில் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் சொல்லி வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். நனைந்த சாக்கெட்டுகளைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. உள்ளே படியும் சேறும் துருவும் பிறகு சூட்டைக் கிளப்பும், மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் வெள்ளை நிறக் கம்பி ஒயர் இருக்கிறது. அதில் புது சாக்கெட் மாட்டலாமா?

அது அலுமினிய ஒயர். சில பத்தாண்டுகளுக்கு முன்னால் நிறைய வீடுகளில் போட்டார்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கித் தளரும், செம்போடு முறுக்கினால் சேருமிடம் அரித்துப்போகும். முதலில் சொன்ன லூஸ் கனெக்‌ஷன் கதை இங்கே தானாகவே நடக்கும். ரீ-ஒயரிங் செய்யுங்கள். அதுவரை அந்த லைனில் பெரிய லோடு வேண்டாம்.

புது வீடு கட்டுகிறோம். பூச்சுக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பாயின்டுகளை இப்போதே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் மட்டும் மூன்று 16 ஆம்ப் பாயின்ட் கேட்டாலும் அதிகமில்லை, ஒரு லைனுக்கு இரண்டு என்ற கணக்கில் லைனைப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பைப் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒயர் இறுக்கமாகத் திணித்த பைப்பில் நாளைக்கு ஒரு ஒயரை மாற்றக்கூட முடியாது. பூச்சு மூடும் முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது உதவும்.

பொருளில், ஒயருக்கு ஐஎஸ் 694, சாக்கெட்டுக்கு ஐஎஸ் 1293, சுவிட்சுக்கு ஐஎஸ் 3854 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். சுருளின் மேல் அட்டையில் இருந்தால் மட்டும் போதாது, ஒயரின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால்?

அவரைத் தொடாதீர்கள். சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் அவரை ஒயரிலிருந்து தள்ளிவிடுங்கள். ஒட்டடைக் குச்சியை எடுக்கும் முன் பாருங்கள், இப்போது வருபவற்றில் பல அலுமினியக் குழாய். கரண்ட் விலகியதும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சில்லாமல், அசைவில்லாமல் இருந்தால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 செ.மீ ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சாக்கெட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு, உலர் பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு வகைத் தீயணைப்பானை அடியுங்கள்.

வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் நான் எதைக் கேட்க வேண்டும்?

அவர் இருக்கும்போதே நான்கு காரியம் செய்யச் சொல்லுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது வலது துளையில் டெஸ்டர் எரியக் கூடாது, போட்டதும் எரிய வேண்டும். பேஸ்–எர்த் வோல்ட்டை மீட்டரில் உங்கள் கண் முன்னே அளந்து காட்ட வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழ வைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் புது பாயின்டில் இருப்பதிலேயே பெரிய லோடை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, முள்ளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அவரைக் கிளம்பவிடாதீர்கள், திறந்து ஸ்க்ரூவை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.